டிஸ்ப்ளே வராத பழைய கணினி: வேலூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், குடியாத்தம், ஆரணி, வாலாஜாபேட்டை என்று பழைய வட ஆற்காட்டு ஊர்களில் இருபது ஆண்டுகளாக மேசைக் கணினிகளைப் பழுது பார்த்து வருகிறேன். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆனால் என்னிடம் வரும் பழுதுகளுக்கு மாவட்ட எல்லை இல்லை. ஜெராக்ஸ் கடையில், நெசவுக்காரர் வீட்டில், டியூஷன் நடத்தும் ஆசிரியையின் முன்னறையில் 2006 முதல் 2013 வரை வாங்கிய கணினிகள் இன்னும் நாள் முழுக்க உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவை திடீரென்று எழாமல் போகும்போது கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன். "போர்டு போய்விட்டது, தூக்கிப் போடுங்கள்" (போர்டு என்றால் எல்லாப் பாகங்களும் செருகி நிற்கும் மதர்போர்டு) என்ற தீர்ப்பைப் பத்து நிமிடச் சோதனைக்கு முன்பே யாரிடமிருந்தும் ஏற்காதீர்கள். அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கமும்.

பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. என்ன செய்வது?

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இது. முதலில் மானிட்டரைப் பாருங்கள். கேபிளைக் கழற்றியதும் "சிக்னல் இல்லை" என்ற எழுத்து திரையில் வந்தால் மானிட்டர் நன்றாக இருக்கிறது. திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு தனியாகப் போட்ட கணினி என்றால், கேபிள் அந்தக் கார்டில் செருகப்பட்டிருக்க வேண்டும். வீடு வெள்ளையடித்த பிறகு எல்லாவற்றையும் திரும்ப மாட்டும்போது பலரும் மதர்போர்டின் துளையில் செருகிவிடுகிறார்கள்.

அதுவும் சரியென்றால் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிடுங்கிய பின் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பக்கத் தகட்டைத் திறந்து, வர்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். கோடையில் காற்று உலர்ந்திருக்கும்போது நம் உடலில் சேரும் நிலைமின்சாரம் ராமின் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவக அட்டை) சிப்பைக் கொன்றுவிடும். நமக்கு ஒரு சிறு பொறிகூடத் தெரியாது.

இனி ராமைக் கழற்ற வேண்டும். இரு முனையிலும் உள்ள வெள்ளைக் கொக்கிகளை வெளிப்பக்கம் அழுத்தினால் ராம் தானாக மேலெழும். எல்லா ராமையும் கழற்றுங்கள். ராம் செருகும் ஸ்லாட்டுக்குள் தூசி இருந்தால் காய்ந்த பெயின்ட் பிரஷால் துடையுங்கள். பிறகு ஒரே ஒரு ராமை மட்டும், பிராசசருக்கு (கணினியின் மூளையான சிப்) மிக அருகிலுள்ள ஸ்லாட்டில், இரண்டு கொக்கியும் "டக்" என்று தாமாகப் பூட்டிக்கொள்ளும்வரை அழுத்திச் செருகி ஆன் செய்யுங்கள். திரை வரவில்லையென்றால் அதே ராமை அடுத்த ஸ்லாட்டில் போடுங்கள். அதிலும் வரவில்லையென்றால் அடுத்த ராமை எடுங்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பிளக்கைப் பிடுங்க மறக்காதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ராம், போர்டிலுள்ள வட்டப் பேட்டரி செல், கேபிள் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிக் கணினி எழுந்துவிட்டால், எது பழுது என்று யாருக்கும் தெரியாது. நல்ல பொருள் குப்பைக்குப் போகும், கெட்டது உள்ளேயே தங்கிவிடும்.

லத்தேரியிலிருந்து ஓர் ஆசிரியை கணினியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். ஒரு கடையில் போர்டு போய்விட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். திறந்து பார்த்தால் இரண்டு ஸ்லாட்டில் ஒன்றில் சுவர்ச் சுண்ணாம்புத் தூள் இறுகிக் கிடந்தது. ராமை அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றியதும் திரை வந்தது. பதினோரு ஆண்டு வினாத்தாள்கள் அந்த ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. அவற்றுக்கு வேறு நகல் கிடையாது. முதல் கடையில் யாராவது பக்கத் தகட்டைத் திறந்திருந்தால் அந்த அம்மா ஒரு வாரம் தூக்கமில்லாமல் தவித்திருக்க மாட்டார்.

அழிரப்பரால் ராமைத் தேய்க்கலாமா? சிலர் கூடாது என்கிறார்களே?

அளவோடு செய்யலாம். ராமின் அடியில் உள்ள பொன்னிறக் கம்பிப் பட்டைகளில் பூசியிருப்பது மெல்லிய தங்கப் பூச்சு. மணல் கலந்த நீல ரப்பர், மையை அழிக்கும் முரட்டு ரப்பர் எல்லாம் அந்தப் பூச்சை உரித்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மிருதுவான வெள்ளைப் பென்சில் ரப்பரால், மேலிருந்து கீழாக ஒரே திசையில் இரண்டு மூன்று முறை போதும். உதிர்ந்த துகளைச் சுத்தமான பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் ரப்பரே வேண்டாம், பஞ்சில் நனைத்துத் துடைப்பது அதைவிட நல்லது. தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், ஷேவிங் லோஷன் மூன்றையும் தடவியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எதுவும் வேண்டாம்.

பீப் பீப் என்று கத்துகிறது. அதற்கு என்ன அர்த்தம்?

அது நல்ல செய்தி. கத்துகிற கணினியில் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடிக் கணினியை எழுப்பும் போர்டின் நிரல், உயிரோடு இருக்கிறது, எங்கே வலி என்று சொல்லத் தெரிகிறது. திரை எழுவதற்கு முன்பே கணினி தன்னைச் சோதித்துக்கொள்ளும். திரையில் எழுத முடியாத நிலையில் அது ஒலியால் பேசுகிறது.

மொழி பயாஸுக்குப் பயாஸ் மாறும். ஏஎம்ஐ பயாஸில் ஒன்று, இரண்டு, மூன்று குறும் ஒலிகள் நினைவகப் பக்கத்துச் சிக்கலைக் குறிக்கும். ஐந்து என்றால் பிராசசர், எட்டு என்றால் டிஸ்ப்ளேயின் நினைவகம். அவார்டு பயாஸில் நீண்ட ஒலி விடாமல் திரும்பத் திரும்ப வந்தால் ராம் சரியாக உட்காரவில்லை. ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறும் ஒலிகளும் என்றால் கிராஃபிக்ஸ். பழைய ஹெச்பி, காம்பேக் பெட்டிகளில் பவர் விளக்கு சிவப்பாக ஐந்து முறை மின்னி, ஐந்து முறை ஒலித்தால் அதுவும் ராம்தான்.

அசெம்பிள் செய்த பல பெட்டிகளில் ஒலி எழுப்பும் சிறிய ஸ்பீக்கரே இருக்காது. மூக்குத்தி டப்பா அளவுள்ள அந்த ஸ்பீக்கரை வாங்கி, போர்டில் ஸ்பீக்கர் என்று எழுதியுள்ள நான்கு ஊசிகளில் செருகுங்கள். அதன் பிறகு எல்லா ராமையும் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். ராம் இல்லை என்று போர்டு கத்தினால் போர்டும் பிராசசரும் பெரும்பாலும் நலமாக இருக்கின்றன என்று பொருள். ராம் இல்லாத நிலையிலும் மௌனமாகவே இருந்தால் எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கேற்ப மாற்றித் தரும் பெட்டி), போர்டு, பிராசசர் பக்கம் திரும்ப வேண்டும். பழுது எந்தப் பாதியில் இருக்கிறது என்று சொல்லிவிடும் இந்தச் சோதனைக்கு இணையாக வேறொன்றை நான் அறியேன்.

ஏன் இதெல்லாம் கோடையிலேயே அதிகம் வருகிறது?

நம் ஊரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. கத்திரி வெயில் காலத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். ஓட்டு வீட்டிலும் மாடியில் கடைசித் தளத்திலும் அறையே கொதிக்கும். மூடிய பெட்டிக்குள் வெப்பம் அதற்கும் மேல். பகலில் சூடேறி விரிவதும் இரவில் குளிர்ந்து சுருங்குவதும் ஆண்டுக்கணக்கில் நடக்கும்போது, செருகி நிற்கும் பாகங்கள் மயிரிழை மயிரிழையாக இடம் நகர்கின்றன. காற்றுப் பட்ட உலோகத்தில் மெல்லிய படலம் ஏறுகிறது. நேற்றுவரை ஓடிய கணினி இன்று எழாததற்கும், ராமைக் கழற்றி மாட்டினாலே எழுந்துவிடுவதற்கும் இதுதான் காரணம்.

தூசியும் சேர்ந்துகொள்கிறது. சாலையோரக் கடைகளில் புழுதி, தறி ஓடும் வீடுகளில் நூல் பஞ்சு. குடியாத்தத்தில் தறிக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஒரு கணினியின் ஹீட்சிங்கில் (பிராசசரின் சூட்டை இறக்கும் உலோகத் தகடுகள்) மெத்தை தைக்கும் அளவுக்குப் பஞ்சு அடைந்திருந்தது. ஆண்டுக்கு இருமுறை, பங்குனியில் ஒருமுறையும் ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும் பெட்டியைத் திறந்து தட்டிவிடுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அது வெறித்தனமாகச் சுற்றினால் அதன் தண்டு தேய்ந்துவிடும்.

ஆன் செய்து ஓரிரு நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது. ராமா?

பெரும்பாலும் இல்லை, பிராசசரின் சூடு. தன்னைக் காத்துக்கொள்ள அதுவே அணைத்துக்கொள்கிறது. 2004க்குப் பிறகு வந்த இன்டெல் 775 வகைப் போர்டுகளில் ஹீட்சிங்கை நான்கு பிளாஸ்டிக் குமிழ்கள் பிடித்திருக்கும். வயதானதும் அவற்றில் ஒன்று விட்டுக்கொடுக்கும். ஒரு மூலை தூக்கிக்கொண்டால் போதும், சூடு இறங்க வழியில்லை. ஹீட்சிங்கை மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கழற்றி, பிராசசரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருப்பதைத் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைத்து, எதிரெதிர் மூலைகளாக அழுத்திப் பூட்டுங்கள்.

பொத்தானை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை. விளக்கும் இல்லை, ஃபேனும் இல்லை.

சுவர்ப் பிளக்கில் வேறு பொருளை மாட்டிச் சோதியுங்கள். யூபிஎஸ் இருந்தால் அதை விலக்கி நேராகச் சுவரில் மாட்டுங்கள். மின்வெட்டு அடிக்கடி வரும் பகுதிகளில் யூபிஎஸ்ஸின் பேட்டரி செத்துப்போய்க் கணினி பழுது என்ற பழியைச் சுமந்த கதை நிறைய உண்டு. பவர் கேபிளையும் மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். போர்டிலிருந்து அதன் 24 ஊசிக் கனெக்டரைக் கழற்றி, பச்சைக் கம்பியையும் ஏதாவதொரு கறுப்புக் கம்பியையும் ஒரு சிறு வளைந்த கம்பியால் இணைத்த பிறகே சுவர் சுவிட்சைப் போட வேண்டும். அதன் ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது. சில எஸ்எம்பிஎஸ் சுமையில்லாமல் ஓடாது, அதற்காக ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கையோ சிடி டிரைவையோ மாட்டிவிடுங்கள். ஃபேன் சுற்றுவதே ஆரோக்கியத்துக்குச் சான்று அல்ல. மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 இருக்க வேண்டும். ஊதாக் கம்பியில் கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் வர வேண்டும். அது வராவிட்டால் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் பெரிய கெபாசிட்டர்களில் ஆளைத் தூக்கியெறியும் அளவு மின்சாரம் நிற்கும். காற்றுத் துளை வழியே பல்லி புகுந்து கருகிக் கிடப்பதும் இந்தப் பக்கம் அரிதல்ல. அப்போது துர்நாற்றமே சொல்லிவிடும். துடைத்து ஓட்டப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது.

எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளிருக்கும் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் வழியாகச் சிறு மின்னோட்டம் உலோகப் பெட்டிக்கு வருவது அதன் அமைப்பிலேயே உள்ளது. எர்த் கம்பி இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் விரல் வழியே போகும். மூன்று முள் பிளக்கில் ஒரு முள்ளை உடைத்துவிட்டு இரண்டு துளையில் செருகுவதை இன்றே நிறுத்துங்கள். ராமும் ஹார்டு டிஸ்க்கும் காரணமில்லாமல் சாகும் வீடுகளில் நான் முதலில் எர்த்தைத்தான் பார்க்கிறேன். எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் சரிசெய்த பிறகே மற்ற செலவு.

தினமும் காலையில் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடுகிறது. எஃப்1 அழுத்தச் சொல்கிறது.

போர்டில் காசு போல ஒரு வட்ட செல் இருக்கிறது, சிஆர்2032 என்று அதன்மேல் எழுதியிருக்கும். 3 வோல்ட். இருபது மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் தடிமன். கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் கணினி அணைந்திருக்கும்போது காப்பது அதுதான். செல் தீர்ந்தால் "சிமாஸ் செக்சம் எரர்" என்று வரும். லாங்பஜார் பக்கத்தில் கைக்கடிகாரக் கடையிலேயே இந்த செல் கிடைக்கும். எழுத்துள்ள பக்கம் மேலாக வைத்து மாட்டுங்கள்.

அற்பப் பொருள்தான், ஆனால் அது கிளப்பிவிடும் குழப்பம் பெரிது. தேதி தவறாக இருந்தால் வங்கி, மின்னஞ்சல் போன்ற தளங்கள் பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்க மறுக்கும். இணையம் கெட்டுவிட்டது என்று மோடத்தை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். சில பழைய போர்டுகள் செல் முற்றிலும் செத்துவிட்டால் திரையையே காட்டாது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு, கவனமாகப் படியுங்கள். செல் தீர்ந்து பயாஸ் தன் ஆரம்ப அமைப்புக்குத் திரும்பும்போது ஹார்டு டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை ஐடிஇயிலிருந்து ஏஹெச்சிஐக்கோ, அங்கிருந்து இங்கோ மாறிவிடலாம். எந்த முறையில் விண்டோஸ் நிறுவப்பட்டதோ அந்த முறை இல்லாததால் எக்ஸ்பியும் விண்டோஸ் 7உம் லோகோ வரும்போதே நீலத் திரையில் விழும். அதில் உள்ள எண் 7பி என்று முடியும். பலர் இதைப் பார்த்ததும் ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். கணக்கு, புகைப்படம் எல்லாம் போய்விடும். பயாஸுக்குள் போய் இந்த முறையைத் தேர்ந்தெடுக்கும் சாட்டா மோடைப் பழையபடி மாற்றினால் இரண்டு நிமிடத்தில் சரியாகும் பழுதுக்கு ஒரு குடும்பத்தின் கல்யாண ஆல்பம் அழிந்ததை நான் பார்த்தேன். அதனால்தான் சொல்கிறேன்: செல் மாற்றும் முன் பயாஸ் திரைகளைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மதர்போர்டில் சில சிறு உருளைகளின் தலை உப்பியிருக்கிறது. அது பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட முடியாது. அவை மின்சாரத்தைச் சீராக்கும் கெபாசிட்டர்கள். 1990களின் கடைசியிலிருந்து 2007 வரை வந்த போர்டுகள் பலவற்றில் தரமற்ற திரவம் நிரப்பிய கெபாசிட்டர்கள் உலகெங்கும் போய்ச் சேர்ந்தன. தலை தட்டையாக இருக்க வேண்டும். குமிழாக உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அது தன் வேலையைச் செய்யவில்லை. காலையில் ஐந்தாறு முறை பொத்தானை அழுத்தினால்தான் எழும், சூடானதும் ஒழுங்காக ஓடும் என்ற நோய் பெரும்பாலும் இதனால்தான். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி தாங்கும் குறைந்த தடை வகையாகப் பார்த்து மாற்றலாம். தொலைக்காட்சி மெக்கானிக் கையில் சால்டரிங் அயர்ன் நன்றாகப் பேசும் என்றால் அவரிடமே கொடுங்கள்.

விண்டோஸ் நடுவில் நீலத் திரை வருகிறது. ராம்தானா என்று எப்படி உறுதி செய்வது?

மெமரி மேனேஜ்மென்ட், பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா என்ற வார்த்தைகள் நீலத் திரையில் வந்தால் ராமைச் சந்தேகிக்கலாம், ஆனால் தண்டிக்கக் கூடாது. டிரைவர் கோளாறும் இதே வார்த்தைகளைக் கொண்டுவரும். பெரிய கோப்பை நகலெடுத்தால் திறக்கவில்லை, ஜிப் கோப்பு கெட்டுவிட்டது என்கிறது, ஒவ்வொரு முறையும் வேறுவேறு நீலத் திரை: இப்படி ஒன்றோடொன்று சேராத அறிகுறிகள் வந்தால் என் மனம் ராமின் பக்கம் சாயும்.

விண்டோஸ் விஸ்டா முதல் மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனை உள்ளேயே இருக்கிறது, ஸ்டார்ட் மெனுவில் தேடினால் வரும். அதைவிடக் கடுமையானது மெம்டெஸ்ட்86 பிளஸ். இலவசம். பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணினியைத் தொடங்க வேண்டும், விண்டோஸே எழாத கணினியிலும் ஓடும். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் அது தோல்விதான். நினைவகத்தில் "கொஞ்சம் தவறு" என்று ஒன்று இல்லை. தவறு வந்தால் ராம்களை ஒவ்வொன்றாகத் தனியே வைத்துச் சோதியுங்கள். எந்த ராமை வைத்தாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் தவறு வந்தால் ஸ்லாட் கெட்டது. எந்த ஸ்லாட்டில் வைத்தாலும் ஒரே ராம் தவறினால் அந்த ராம் கெட்டது.

பல ஊர்களில் இரவு முழுக்க ஓடவிடுங்கள் என்பார்கள். நம் ஊருக்கு அது போதாது. இரவில் அறை குளிர்ந்ததும் தேறிவிடும் ராம், மதியம் இரண்டு மணிக்கு விழும். சித்திரை வைகாசியில் வரும் பழுதை மதிய வெயிலில், பெட்டியை மூடி வைத்தே சோதியுங்கள். சத்துவாச்சாரியில் ஒரு பில்லிங் கணினி மூன்று இரவும் சோதனையில் தேறி, நான்காவது நாள் மதியம் பத்து நிமிடத்தில் நூற்றுக்கணக்கான தவறுகளைக் காட்டியது. அன்று கற்றுக்கொண்டேன்.

4 ஜிபி போட்டேன், 3.2 என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. 32 பிட் விண்டோஸால் மொத்தம் 4 ஜிபி முகவரிகளைத்தான் கையாள முடியும். அதில் ஒரு பங்கைக் கிராஃபிக்ஸும் மற்ற கருவிகளும் எடுத்துக்கொள்கின்றன. இன்டெல் 945 சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்) உள்ள போர்டுகளில் 64 பிட் போட்டாலும் இந்த எல்லை மாறாது.

எந்த ராம் வாங்குவது? கடைக்காரர் டிடிஆர்2ஆ, டிடிஆர்3ஆ என்று கேட்கிறார்.

பழைய ராமைக் கையோடு கொண்டுபோங்கள். டிடிஆர் என்பது ராமின் தலைமுறைப் பெயர். முதல் டிடிஆருக்கு 184 ஊசி, 2.5 வோல்ட். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 ஊசிதான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். முன்னது 1.8 வோல்ட், பின்னது 1.5. வெட்டு பொருந்தவில்லையென்றால் அழுத்தாதீர்கள், ஸ்லாட் உடையும். 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ராம் சாதாரண டிடிஆர்3 போர்டில் ஓடும்.

போர்டு எவ்வளவு தாங்கும் என்பதையும் பாருங்கள். இன்டெல் ஜி31 என்றால் 4 ஜிபி, ஜி41 என்றால் 8, ஹெச்61 என்றால் 16. ஜி41 டிடிஆர்3 போர்டுக்கு 4 ஜிபி ராம் வாங்கினால் அதில் இருபுறமும் எட்டெட்டாகப் பதினாறு சிப்புகள் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எட்டு உள்ள புதிய ராமை அந்தப் போர்டு ஏற்காது. "ஏஎம்டிக்கு மட்டும்" என்று சிறு எழுத்தில் போட்டு இணையத்தில் மலிவாக விற்கும் ராம்கள் இன்டெல் போர்டில் எழவே எழாது. பணத்தை வீணாக்கிக்கொண்டு வந்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் தாங்குவதில்லை. பயன்படுத்திய ராமே போதும், வாங்கும் கடையிலேயே மாட்டி எழுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு ராம் என்றால் ஒரே அளவு, ஒரே வேகமாக, ஒரே நிற ஸ்லாட்களில் போட்டால் இரட்டை வழியில், இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் தரவு எடுத்து, ஓடும்.

ராம் கூட்டினால் வேகம் வருமா?

1 ஜிபியிலிருந்து 4க்குப் போனால் நன்றாகத் தெரியும். 4 இருக்கும்போது மேலும் கூட்டுவதைவிட, அதே பணத்தில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு 120 அல்லது 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத, வேகமான சேமிப்புக் கருவி) போடுங்கள். பழைய சாட்டா 2 இணைப்பிலும் அது ஓடும், வித்தியாசத்தை முதல் நாளே உணர்வீர்கள்.

கறுப்புத் திரையில் "என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்றோ, பூட் டிவைஸ் இல்லை என்றோ வருகிறது.

பென்டிரைவ் செருகி மறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பாதிப் பழுது அதிலேயே தீரும். பிறகு பயாஸில் ஹார்டு டிஸ்க் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் சாட்டா கேபிளை மாற்றுங்கள். பூட்டுக் கொக்கியில்லாத பழைய சிவப்புக் கேபிள்கள் தளர்ந்துவிடும். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். மேலும் மேலும் ஆன் செய்து பார்ப்பது உள்ளிருப்பதை அழிக்கும். வேறு கணினியில் மாட்டி முக்கியமானவற்றை நகலெடுப்பதுதான் முதல் வேலை.

எந்தக் கட்டத்தில் கைவிடலாம்?

போர்டு, எஸ்எம்பிஎஸ் இரண்டும் ஒன்றாகப் போயிருந்தால் நானே வேண்டாம் என்று சொல்வேன். எக்ஸ்பிக்கு 8 ஏப்ரல் 2014இலும், விண்டோஸ் 7க்கு 14 ஜனவரி 2020இலும், விண்டோஸ் 10க்கு 14 அக்டோபர் 2025இலும் பொது ஆதரவு முடிந்தது. இணையத்தில் பணம் அனுப்பும் கணினி என்றால் லினக்ஸ் போடுங்கள், இல்லையென்றால் அதை இணையமில்லாமல் கணக்குக்கும் தட்டச்சுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கைவிட்ட பெட்டியிலிருந்து ராம், ஹார்டு டிஸ்க், சாட்டா கேபிள்களைக் கழற்றி வையுங்கள். பக்கத்து வீட்டுக் கணினியை அவை எழுப்பக்கூடும். மிச்சத்தைத் தெருவில் எரிக்கவோ பாலாற்று மணலில் கொட்டவோ வேண்டாம். மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

கடைக்குக் கொண்டுவரும்போது என்னென்ன எடுத்து வர வேண்டும்?

பெட்டி மட்டும் போதும். கீபோர்டு, மவுஸ், மானிட்டர் வேண்டாம். கழற்றிய ராமைச் சட்டைப் பையில் போடாமல் காகிதத்தில் சுற்றி எடுத்து வாருங்கள். பஸ்ஸில் வந்தால் பெட்டியைப் படுக்கவைத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி இருக்கையில் உட்காராதீர்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாருங்கள்: எந்த நாளில் முதலில் வந்தது, காலையிலா மதியத்திலா, எத்தனை பீப், அதற்குமுன் இடி விழுந்ததா, மின்சாரம் விட்டுவிட்டு வந்ததா, நீங்கள் எதை மாற்றிப் பார்த்தீர்கள். அந்தக் காகிதத்தைத்தான் நான் முதலில் கேட்பேன்.